சிவப்புக் கூரைக் கடை

"சிவப்புக் கூரை போட்ட கடை தெரியுதா? அதைச் சுத்திக்கிட்டு நேரா வா" என்று பட்டாசு அக்கா செல்போனில் எழுதியிருந்தாள்.

தெரியவில்லை.

ரயிலை விட்டு இறங்கிய இடத்திலேயே, ஒரு தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் அந்த ஊரே போய்க்கொண்டிருந்தது. பைகள், முழங்கைகள், சக்கரம் வைத்த பெட்டிகள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை இருந்தது, விளக்கு இருந்தது. கூரை எதுவும் கண்ணில் படவில்லை.

"கூரையே காணோம்க்கா."

"இருக்குடி. அந்த ஸ்டேஷன் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பயணம் பிடித்தவர்களுக்கான ஓர் இணையக் குழுவில் பழக்கம். இரண்டு வருஷமாகத் தினமும் எழுதிக்கொள்கிறோம். குழுவில் எல்லோரும் பனிமலை, பாலைவனம் என்று பொளந்துகட்டுவார்கள். யாரும் எங்கும் போனதாகத் தெரியவில்லை.

அவளுக்குப் பட்டாசு என்று குழுதான் பெயர் வைத்தது. எனக்கு ஆமை.

பட்டாசுக்குப் பெரிய ஊர் என்றால் உயிர். கூட்டம் என்றால் கொள்ளை ஆசை. "சாயங்காலம் ஆபீஸ் விடுற நேரத்துல பாக்கணும்டி. ரெண்டா பிரியும், மறுபடி சேரும். திடீர்னு மழை வந்தா வாசல்ல குடை ஒண்ணொண்ணா விரியும் பாரு, அடடா!" என்று எழுதுவாள்.

நான் வேலை செய்யும் மண் பரிசோதனைக் கூடத்தில் மொத்தம் நாலு பேர். அதில் ஒருவர் எப்போதும் லீவு. எனக்கு அதுவே கூட்டம்.

"ஒரே ஒரு தடவை வந்து பாரு. நான் இருக்கேன்ல" என்று அவள் நச்சரித்து நச்சரித்து, ஒரு நாள் டிக்கெட் எடுத்துவிட்டேன். சொன்னதும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்காவுக்கு வேலை முடியக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை அவள் எழுத்தில் வழி சொல்வாள், நான் முன்வாசலுக்கு வந்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

வழிதான் இந்த லட்சணத்தில் இருந்தது.

நடைமேடையின் மறுபக்கம், எங்கள் ஊர் வழியாகப் போகும் ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. ஜன்னலோரத்தில் ஒரு காலி இருக்கை. நாலெட்டு வைத்தால் ஏறிவிடலாம்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நான் திரும்பிப் போயிடறேன்."

"அடி போடி இவளே! பெஞ்சுல ஒரு வழுக்கைத் தலை இருக்காரு பாரு. அவருக்கும் அந்த வெள்ளைத் தொப்பிக்கும் நடுவுல சந்து மாதிரி இருக்கு. சட்டுனு புகுந்து வா."

பார்த்தேன். பெஞ்சில் ஒருவர் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வழுக்கை. பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண். இருவருக்கும் நடுவில் நிஜமாகவே ஒரு சந்து.

சுற்றும் முற்றும் பார்த்தேன்.

"இங்கதான் எங்கயோ நிக்கிறீங்களா?"

"மேல பாரு."

உச்சியில், விளக்குகளுக்கு நடுவில், கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கறுப்புக் கண்ணாடி. கண்காணிப்புக் கேமரா.

"கையை ஆட்டித் தொலைக்காதே. பக்கத்துல சூப்பர்வைசர் இருக்காரு."

அதற்குள் ஆட்டிவிட்டேன்.

என்ன வேலை என்று எப்போது கேட்டாலும், "உக்காந்து பாக்குற வேலை" என்று மழுப்பியவள். மூடிய அறை, சுவர் முழுக்கத் திரைகள். எங்கே நெரிசல், யார் விழுந்தார், எந்தப் பெட்டி தனியாக நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். குழுவில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று மூச்சு விடவில்லையாம்.

கூரை விஷயம் அப்போதுதான் புரிந்தது. அவள் பார்த்ததெல்லாம் கடைகளின் உச்சந்தலையை.

கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்ததில் தூணிலிருந்து முதுகு கொஞ்சம் பிரிந்தது.

"என் ஷிப்ட் முடிஞ்சிருச்சு. நீ ஒரு அடி எடுத்து வைக்க வேணாம், தாயே. நானே இறங்கி வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று எழுதினாள்.

காத்திருந்தேன். வழுக்கைத் தலை எழுந்து போய்விட்டார். வெள்ளைத் தொப்பியும் போய்விட்டது. அக்கா வரவில்லை.

"அக்கா?"

"இறங்கிட்டேன்டி. எங்க இருக்கேன்னுதான் தெரியல."

"இது உங்க ஸ்டேஷன்க்கா!"

"பின்வாசல்ல வருவேன், லிப்ட்ல ஏறுவேன், அதே மாதிரி போயிடுவேன். இந்த நேரத்துல இந்தப் பக்கம் நான் எதுக்கு வரப்போறேன்?"

"சரி, என்ன தெரியுது?"

"முதுகு. எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகு. எவனோ காலை வேற மிதிச்சுட்டான்."

மறுபக்கத்து ரயில் கிளம்பப்போகும் மணி அடித்தது. ஜன்னலோர இருக்கை இன்னும் காலியாகவே இருந்தது.

"பக்கத்துல எந்தக் கடை? பலகையில என்ன எழுதியிருக்கு?"

"செருப்புக் கடை. பச்சை லைட்டு."

எட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு தெரிந்தது. நடுவில் அந்த ஊரே இருந்தது.

"அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று எனக்கே உறைத்தது.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் வழி விடுங்க!"

என் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று தெரியாது. ஒரு முழங்கை விலகியது. ஒரு பெட்டி நகர்ந்தது. நுழைந்துவிட்டேன்.

கையில் செல்போன் அதிர்ந்தது.

"சீக்கிரம் வாடி. கூட்டம் இவ்வளவு உயரமா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."