விசாரிக்க வந்தவள்

"டாக்டர் என்ன படிச்சிருக்கார்மா?"

மூன்றாவது நாளாக வந்திருக்கும் அதே வயதான அம்மாள். முதல் இரண்டு நாளும் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரின் அறைக்கதவையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மகன் விஷயமாக வந்ததாகச் சொன்னதோடு சரி. இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறாள்.

வரவேற்பு மேஜைப் பெண்ணுக்கு இது பழகிப்போன சங்கதி. ஆண்களின் குழந்தையின்மைக்குப் பார்க்கிற டாக்டர் அவர். பல்வலி என்றால் டாக்டரிடம் ஓடுகிற ஆம்பளைகள், இதற்கு மட்டும் அம்மாவையோ மனைவியையோ தூது அனுப்புவார்கள்.

அதனால் பொறுமையாகவே சொன்னாள். மருத்துவம், அதற்குமேல் அறுவை சிகிச்சை, அதற்கும்மேல் சிறுநீரகத் துறை. பிறகு வெளிநாட்டில் இரண்டு வருஷம். தலைமுடியைவிட மெல்லிய நூலால், நுண்ணோக்கியில் பார்த்துத் தையல் போடுவார்.

"கை நடுங்காதா?"

நடுங்கித் தான் பார்த்ததில்லை என்றாள் பெண். அதைக் கேட்டதும் அந்த அம்மாள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடுவாரா, கோபம் வருமா என்று விசாரணை நீண்டது. பெண் கொடுக்க வந்தவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள் என்று வரவேற்புப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இத்தனை படிப்பு இருக்க, ஏன் இதை எடுத்தாராம்?"

"அவங்க அம்மாவுக்காக. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லையாம். குறை அப்பாகிட்ட. ஆனா ஊர் வாயில விழுந்தது அவங்கதான். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். போன வருஷம் அந்தம்மா தவறிட்டாங்க."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். இளகிய மனசு போலும் என்று பெண் நினைத்தாள்.

அப்போது கதவு திறந்தது. வெளியே வந்த டாக்டர், காத்திருந்தவளைப் பார்த்து நின்றார்.

"அம்மா, யாருக்குப் பார்க்கணும்? உள்ளே வாங்க."

அவள் எழுந்தாள். கண் கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா" என்று முனகிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

பெண் பின்னாலேயே ஓடிப் பாதிப் படியில் அவள் கையைப் பிடித்தாள். டாக்டரே கூப்பிட்டும் இப்படிப் போனால் மகனுக்கு எப்படிக் குணமாகும் என்று கேட்டாள்.

"அவனுக்கு ஒரு குறையுமில்லம்மா. பெத்த அன்னிக்கே அந்தப் புண்ணியவதி கையில கொடுத்துட்டேன். நாப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் என்னை அம்மான்னு கூப்பிட்டான்."