மாப்பிள்ளை உபசாரம்

இரண்டு கண்ணாடித் தட்டுகளையும் மாமியார் வெளியே எடுத்து வைத்ததும் பொறியாளன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தான்.

மாமியார் என்பது ஆய்வுக்கூடம் அவருக்கு வைத்த பெயர். கிருமிகளை வளர்த்துப் பராமரிக்கும் மூத்த ஆய்வாளர் அவர். இருப்பதிலேயே கொடிய கிருமிக்கு ‘மாப்பிள்ளை’ என்று அவரே பெயர் வைத்துவிட்டார். பிறகு அவரை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

உபசாரமும் அப்படித்தான். மாப்பிள்ளை இருக்கும் பெட்டியில் சூடு கூடவோ குறையவோ கூடாது. ஆகாரம் புதிதாக இருக்க வேண்டும். விடுமுறை நாளிலும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவார். பாம்புக்குப் பால் வார்த்து வளர்ப்பது என்பார்களே, அதை இங்கேதான் பார்க்கிறோம் என்று கூடமே சிரிக்கும்.

அவர் மட்டும் சிரிக்க மாட்டார். சிடுமூஞ்சி என்று விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளையும் லேசுப்பட்ட ஆளில்லை. விபத்தில் கால் முறிந்த யாரோ ஒருவரின் தொடை எலும்புக்குள் வைத்த உலோகக் கம்பியில் குடியேறியவர். கோந்துபோல ஒரு படலம் கட்டி அதற்குள் உட்கார்ந்துகொண்டால் எந்த மருந்துக்கும் மசிய மாட்டார். எதிரியானாலும் மெச்சத்தான் வேண்டும்.

அப்படிப்பட்டவரை அண்டவிடாத ஒரு பூச்சைக் கம்பியின் மேல் பூச வேண்டும். முடியைவிட மெல்லியதாக, வெள்ளி கலந்து. பொறியாளனுடைய வேலை அதுதான். ஒரு பூச்சு உரிந்து வந்தது. இன்னொன்று கிருமியோடு சேர்த்து எலும்பையும் பதம் பார்த்தது. மற்றவற்றின் மேல் மாப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இதுவும் தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

கொஞ்சம் சாதுவான கிருமியில் சோதிக்கலாமே என்று மாமியாரிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறான். அவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிடுவார். மனதுக்குள் அவரைத் திட்டாத நாளில்லை.

முதல் தட்டைப் பார்த்தான். மாப்பிள்ளையோடு ஊறவைத்த, பூச்சில்லாத கம்பியை உருட்டிய தட்டு. இண்டு இடுக்கு விடாமல் மஞ்சள் புள்ளிகள், எல்லாம் மாப்பிள்ளையின் பெருக்கம்.

இரண்டாவது தட்டு, அவனுடைய பூச்சு.

ஒன்றுமே இல்லை.

விளக்குக்கு நேராகப் பிடித்தான். திருப்பிப் பார்த்தான். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். ஒரு புள்ளி இல்லை.

கூடமே கைதட்டியது. அந்தக் கிழட்டுப் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது அவனுக்கு. சாதுவான கிருமியை ஜெயித்திருந்தால் இந்தப் பூச்சை யார் நம்பியிருப்பார்கள்? ஆனால் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

“மாப்பிள்ளை கதை முடிஞ்சுது! பாவம், மாமியார் இனிமே யாரை விழுந்து விழுந்து கவனிப்பாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையுறையைக் கழற்றினார். கையை வெகுநேரம் கழுவினார். கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மனம் கேட்காமல், ஒரு நன்றியாவது சொல்லலாம் என்று அவன் பின்னாலேயே போனான். நடைவழி ஜன்னலோரம், அவனுக்கு முதுகு காட்டி, அவர் கைபேசியில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“அம்மாடி... உன் வீட்டுக்காரரைக் கொன்னவன் இன்னைக்குச் செத்துட்டான்டி.”