இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி

மாசிலாமணி இரண்டு துப்பாக்கிகளையும் கண்ணாடி மேசைமேல் ஒட்டிப் படுக்கவைத்து, வீட்டிலேயே எழுதி வந்த தாளில் ஒவ்வொன்றாய்க் குறித்துக்கொண்டே வந்தார். எடை, குழலின் நீளம், விசையை அழுத்த அழுத்த எத்தனை குண்டு தொடர்ந்து போகும் என்பது. எல்லாமே ஒன்றுபோல இருந்தன.

“ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுங்க,” என்றார் கடைக்காரர். “பன்னிக்குத்தான?”

“பன்னிக்குத்தான். கடலையில ஒரு செடி மிச்சம் வைக்கல.” மாசிலாமணி தாளின் கடைசி வரிக்கு வந்தார். “இருநூத்திப் பன்னெண்டு தப்படிக்கு எது குறி தப்பாது?”

அது அவர் தம்பி வீட்டு வாசல். கிணற்றுத் தகராறில் பேச்சு நின்றபிறகு, தொலைந்த ஆட்டைத் தேடுகிறவர்போல் தன் வாசலிலிருந்து அவர் எண்ணி நடந்த தூரம்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “உங்க ஊர்ப் பன்னியெல்லாம் அளந்துதான் நிக்குமோ? நேத்து உங்க ஊர்க்காரர் ஒருத்தரும் இதே கணக்கைத்தான் சொன்னாரு. ஒரு தப்படி கூடக்குறைய இல்ல.”

மாசிலாமணியின் பேனா நின்றது. “எதை எடுத்தாரு?”

“ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. யோசிச்சிட்டு நாளைக்கு வாரேன்னு போயிட்டாரு.” கடைக்காரர் தெருவை எட்டிப் பார்த்தார். “அந்தா, வண்டியை நிறுத்துதாரு பாருங்க.”

மாசிலாமணி திரும்பவில்லை. கைக்கு ஒன்றாக இரண்டு துப்பாக்கிகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, படியேறி வரும் செருப்புச் சத்தத்தை எண்ணத் தொடங்கினார்.