ஊமைக் கட்டை

மதிய வெயில் காலி அரங்கின் முன்வரிசை வரை வந்து நிற்கிறது. பாடகியின் பழைய பியானோவைச் சுருதி சேர்த்து முடித்தவர் துணியில் கை துடைத்தபடி பெருமையாகச் சொல்கிறார்: “பத்து வருஷமா ஊமையாக் கிடந்த அந்த ஒரு கட்டையையும் பேச வச்சிட்டேம்மா.” அவள் உட்கார்ந்து வாசித்துப் பாடுகிறாள். ‘இருக்கியா?’ என்று கேட்டுவிட்டு அந்தக் கட்டையை அமுக்குகிற பாட்டு. ‘டொக்’ என்ற வெறும் மரச்சத்தம்தான் அதில் பதில். அவளுக்குப் பேர் வாங்கித் தந்ததே பாட்டில் அந்த இடம்தான். இன்று அங்கே கணீரென்று சுரம் எழுகிறது. விரல்கள் நின்றுவிடுகின்றன. “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அதைப் பழையபடி கெடுத்துக் குடுங்க.” “நல்லா இருக்கே கதை!” என்று முறைத்தவர், துணியின் ஓரத்தைக் கிழித்து அந்தக் கட்டையின் தந்திகளுக்கு இடையே செருகுகிறார். அவள் மறுபடி கேட்கிறாள்: ‘இருக்கியா?’ டொக். கிளம்புவதற்குக் கருவிப்பெட்டியைத் தூக்கியவர், அதைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்கிறார்.