நாலாவது வண்டில்

மகளின் கலியாணத்துக்கு முன் முற்றத்தில் கல் பதிக்க, கமலாவதி மணல் எடுப்பித்தாள். டீசல் இல்லாததால் மாட்டுவண்டிலில்தான் வந்தது. அயல்வீட்டு மேசன் தியாகலிங்கம் அதை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

“கடல்மணல், அக்கா. கல்லிலை உப்பு வெள்ளையாப் பூக்கும்.”

இரண்டாவது வண்டில் மணல் மாவாக இருந்ததாம். மழைக்குக் கல் தாழுமாம். மூன்றாவதில் களிமண் கலந்திருந்ததாம்.

“திருப்பி அனுப்பட்டோ?”

“பாவம், மாடுகள் களைச்சுப்போச்சு. வண்டில்காரனோடை நான் கதைக்கிறன்.”

நாலாவது மணல்தான் அவருக்குப் பிடித்தது. முற்றம் அழகாக அமைந்தது. அவருடைய அக்கறையில் நெகிழ்ந்துபோன கமலாவதி, மழை விட்டதும் வடை சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

மாரியில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும் அவரது வாசற்படலையடி, மூன்று வண்டில் மணலால் மேடாகியிருந்தது.

“வாங்கோ அக்கா,” என்றார் தியாகலிங்கம். “இனிக் கால் நனையாது.”