நகர்ந்து வந்த வரி

மாம்புரிக் கடலுக்குப் போன புருஷன் றிஸ்மினின் மையித்துக்கூட அடக்கக் கிடைக்கவில்லை. மர்ஷூதா விதவைக்குரிய இத்தா இருந்தாள். அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், தில்லையடி வீட்டு அறைக்குள்ளிருந்தே ஜப்பான் கம்பெனியொன்றின் வரைபடத் தரவுகளைச் சரிபார்த்து அனுப்புவாள்.

திங்கட்கிழமை எந்த ஊரைத் தேடினாலும் பெயர்கள் கேள்விக்குறிகளாகவே வந்தன. எழுத்துக் குறியாக்கத்தை மாற்றினாள். ஊர்களெல்லாம் ஜப்பானிய எழுத்துக்குத் திரும்பின. ஒரு வரி மட்டும் தமிழில் வந்தது: றிஸ்மின். அதற்கு நேரே இருந்த அகலாங்கும் நெட்டாங்கும் மாம்புரிக்கு அப்பால் நடுக்கடலைக் காட்டின.

அழித்தாள். கோப்பைப் புதிதாக இறக்கினாள். செவ்வாய் அந்த வரி மாம்புரிக் கரையில் இருந்தது. புதன் பாலாவி உப்பளத்தில். வியாழன் பகல், அவள் வீட்டு வாசல் படலையில்.

வெளியே யாரோ சலாம் சொன்னார்கள்.

தங்கை ஹஃபீலா அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ராத்தா, தொண்ட கட்டின ஆம்பிளயொண்டு சலாம் சொல்றாரு. நீங்க இத்தாலதானே, உள்ளுக்கே இரிங்க. நான் தொறக்கிறன்.”

மர்ஷூதா கதிரையை விட்டு எழும்புமுன் படலைக் கொளுக்கி கழன்ற சத்தம் கேட்டது. திரையில் அந்த வரியின் கடைசி இலக்கம் மாறியது.