ஒரே சட்டி ரசம்

யாழினிக்கும் கௌசிக்குக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம். இருவருக்கும் எளிதில் கலங்கும் வயிறு. இன்று யார் எதைச் சாப்பிடலாம் என்பதை வயிற்றின் நிலையை அளக்கும் மணிக்கட்டுப் பட்டைதான் தினமும் தனித்தனியே சொல்லும். அதன்படி நடந்ததில் வலி போயிற்று. ஆனால் இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டதே இல்லை.

"வலியில்லாம இருக்கீங்கல்ல, அதுவே பெருசு," என்றார் உணவுமுறை சொல்லித்தரும் ரெபெக்காள். ஒருநாளாவது அவனோடு ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையை அவரிடம் சொல்ல யாழினிக்குக் கூச்சமாக இருந்தது.

போன வியாழக்கிழமை இருவருடைய பட்டைகளும் மாலை வரை தக்காளி ரசத்துக்குச் சம்மதித்தன. அவள் லீவு போட்டுவிட்டு ரசம் வைத்தாள். அவனும் வேலையிலிருந்து பாதியில் கிளம்பினான். மழையில் பஸ் நின்றுவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது இரவாகிவிட்டது; அவன் பட்டை தக்காளி கூடாதென்று சிவப்பு காட்டியது.

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்று அவள் சட்டியை மூடப் போனாள்.

"எப்போ? இன்னும் பதினோரு வருஷம் கழிச்சா? சோத்துல ஊத்திப் பிசை."

ஒரே ஓர் உருண்டை கொடுத்தாள். அவன் மெதுவாக மென்றான். அவளும் அதே தட்டிலிருந்து அள்ளிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவனுக்கு அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

"ரெண்டு உருண்டையா வாங்கியிருக்கலாம்," என்றான் அவன்.